ஞாயிற்றுக்கிழமை மருந்து

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு மணம் இருந்தது. ஒரு காம்பராவில் ரொட்டி சுடுவார்கள், இன்னொன்றில் கருவாடு பொரிப்பார்கள், இரண்டையும் அமுக்கிக்கொண்டு பின்பக்கச் சரிவிலிருந்து பூச்சிமருந்து வாடை இறங்கி வரும். மற்ற நாளெல்லாம் தோட்டத்து வேலை. கிடைக்கிற அந்த ஒரு நாளில்தான் ஆண்கள் மருந்து அடிக்கும் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு தங்கள் மரக்கறித் துண்டுக்குள் இறங்குவார்கள். புழு இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஞாயிறா, மருந்து. அவ்வளவுதான்.

இலங்கை மலையகத்தில் கந்தப்பளைக்கும் இராகலைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். காலையில் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன், மத்தியானத்துக்குப் பிறகு மண்வெட்டி. லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர் துண்டு இருக்கிறது. கோவா (முட்டைக்கோசு), லீக்ஸ், கெரட், போஞ்சி (பீன்ஸ்), கொஞ்சம் உருளைக்கிழங்கு. அப்பா தோட்டத்தில் 31 வருடம் மருந்து அடித்தவர். மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் விழும். அதற்குச் செம்பு மருந்து அடிக்கும் கூட்டத்தில் அப்பாதான் முதல் ஆள். அந்த நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது. வந்ததிலிருந்து டாங்கியும் மலையகத்து ஆண்களின் முதுகும் ஒன்றாகிவிட்டன. ஓய்வு பெற்ற பிறகும் அப்பாவின் முதுகு டாங்கியைத் தேடும்.

16 லீற்றர் டாங்கி. ஞாயிறு ஒன்றுக்கு ஆறு டாங்கி. தண்ணீர் பீலியிலிருந்து மேலே வர வேண்டும், அதைச் சுமந்தது அம்மாவும் நானும். மருந்து அடிக்கிறவருக்காவது தொப்பி, சப்பாத்து என்று ஏதாவது இருக்கும். தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி, பக்கத்திலேயே நின்று அடுத்த டாங்கியைக் கலக்குகிற பெண்ணுக்கு என்ன இருக்கிறது? காற்று திரும்பினால் எங்கள் முகத்தில்தான் விழும். நாள் முழுக்க உதடு கசக்கும். அது மருந்துக் கசப்பு என்று எனக்குத் தெரிய 30 வயதாகிவிட்டது. களைப்பில் வாய் கசக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

2019இல் கோவா எங்களைக் கைவிட்டது. ஞாயிறு தவறாமல் அடித்தோம், புழு போகவில்லை. அடிக்கிற அளவைக் கூட்டினோம். கடையில் "இது புதுசு, அடிச்சுப் பாருங்க" என்று கொடுத்த வேறு போத்தலை வாங்கி, பழையதோடு கலந்து அடித்தோம். இலை சல்லடை மாதிரி ஆனதுதான் மிச்சம். அந்த நேரத்தில்தான் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த விவசாயப் போதனாசிரியை துண்டைப் பார்க்க வந்தார். சிங்களப் பெண், வயதில் என்னைவிடச் சின்னவர். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் விடமாட்டார். நாங்கள் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

"மாமா, புழு எத்தனை?" என்று கேட்டார்.

"நெறைய இருக்கு மிஸ்."

"நெறையன்னா எத்தனை?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கோவாவைப் பார்த்தேன். 31 வருடம் மருந்து அடித்த மனிதரிடம் அதுவரை யாருமே கேட்காத கேள்வி அது.

பிறகு மிஸ் போத்தல்களைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று போத்தல், மூன்று பெயர், மூன்று படம். அவர் பெரிய எழுத்துப் பெயரைப் பார்க்கவில்லை. அடியில் எறும்பு வரிசை போல இருக்கும் சின்ன எழுத்தில், உள்ளே உள்ள மருந்து என்ன என்ற வரியைத் தேடி விரலை வைத்தார். இரண்டு போத்தலில் ஒரே பொருள். ஒரே மருந்தைத்தான் இரண்டு விலைக்கு வாங்கி, மாற்றி மாற்றி அடிப்பதாக நினைத்துக் கலந்து அடித்திருக்கிறோம். அன்றிலிருந்து கடையில் நான் முதலில் வாசிப்பது அந்தச் சின்ன வரியைத்தான். மருந்தை மாற்றுவது என்றால் அந்தப் பொருள் மாற வேண்டும், அதுவும் வேறு விதமாகக் கொல்லுகிற இனமாக இருக்க வேண்டும். லேபல் நிறம் மாறினால் புழுவுக்கு என்ன?

கோவாவில் இருந்தது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. அந்துப்பூச்சி சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. சாம்பலும் மண்ணிறமும் கலந்த நிறம். சிறகை மடித்து உட்காரும்போது முதுகில் வெளிறிய வைரக் கட்டங்கள் வரிசையாகத் தெரியும். புழு பச்சை, இரண்டு முனையும் கூர். அது எந்தப் புழு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மற்றப் புழுக்கள் சுருளும் அல்லது அசையாமல் கிடக்கும். இது துடிதுடித்துப் பின்னுக்கு நெளிந்து, இலை ஓரத்திலிருந்து ஒரு நூலில் தொங்கும். நீங்கள் போன பிறகு அந்த நூலைப் பிடித்தே மேலே ஏறிவிடும். சின்னப் புழு இலையின் ஒரு பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மறுபக்கத் தோலை மட்டும் விட்டுவைக்கும். வெயிலில் பிடித்தால் பொலித்தீன் ஒட்டிய யன்னல் போல இருக்கும்.

இந்தச் சின்னப் பூச்சி லேசுப்பட்டதல்ல. 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் டி.டி.டி. மருந்துக்குச் சாகாமல் நின்றதாகப் பதிவு இருக்கிறது. அதன் பிறகு வந்த மருந்து இனங்களில் இது பழகிக்கொள்ளாதவை குறைவு. தலைமுறை வேகமாக மாறுகிற பூச்சி. ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் கொன்றது சாகக்கூடியவற்றை. சாகாதவை மிஞ்சி முட்டை இட்டன. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது போலப் புழுவுக்கு வாரம் தவறாமல் பாடம் எடுத்திருக்கிறோம்.

மிஸ் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கு, வாரத்தில் இரண்டு நாள் 20 கன்று பார், எழுது. துண்டுக்குள் ஓரமாக மட்டும் நடக்கக் கூடாது, கோணல்மாணலாகக் குறுக்கே நடந்து இருபது கன்றைத் தொட வேண்டும். ஒவ்வொன்றிலும் நடுக் குருத்து, பிறகு உள் இலை இரண்டின் அடிப்பக்கம். எத்தனை உயிர்ப் புழு, எத்தனை கூடு, வேறென்ன பூச்சி. முதல் நாள் எனக்கு ஒரு மணித்தியாலம் ஆனது, இப்போது கால் மணி நேரம் போதும். இதற்கு எந்த மந்திரமும் தேவையில்லை. குனிய முதுகு வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் கொப்பியில் ஒரு குழப்பம் வந்தது. இலையில் ஒட்டியிருந்த வலைக்கூடுகளில் சில ஒருமாதிரி இருந்தன. உள்ளே பச்சைக் கூட்டுப்புழு தெரியவில்லை, கெட்டியாக அடைத்த வேறொரு சின்னக் கூடு தெரிந்தது. பதினொரு கூட்டைப் பறித்து ஜாம் போத்தலில் போட்டு, வாயில் பழைய வேட்டித் துணி கட்டி முன்பள்ளி மேசையில் வைத்தேன். பிள்ளைகள் தினமும் வந்து மூக்கை ஒட்டிப் பார்ப்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஏழில் அந்துப்பூச்சி வந்தது. நாலில் வந்தது எறும்புக்குச் சிறகு முளைத்தது போன்ற கறுப்புக் குளவி. "டீச்சர், பூச்சி வேற பூச்சி ஆயிருச்சு!" என்றான் ஒரு பொடியன். ஆகவில்லையடா, தின்றுவிட்டது. அந்தக் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டை இடும், குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று வளரும்.

அன்று அப்பாவிடம் போத்தலைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதையும் சேத்துத்தானே புள்ள நாம அடிச்சோம்" என்றார். மருந்துக்குப் பழகிய புழு மிஞ்சும், பழகாத குளவி சாகும். அதனால்தான் அடிக்க அடிக்கக் கூடியது.

இது ஏதோ புதுக் கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் மலைகளிலேயே நடந்ததுதான். தேயிலைக் கொழுந்தை இரண்டு மூன்று இலையாக ஒட்டிச் சுருட்டி உள்ளே இருந்து தின்கிற ஒரு புழு உண்டு. அதை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி நிலைத்துவிட்டது, புழு ஒரு பெரிய விஷயமாக இல்லாமல் போனது. பிறகு கிளைக்குள் துளை போட்டுக் கொப்பை ஒடியவைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தை மலைமலையாக அடித்தார்கள்.  குளவியும் சேர்ந்து செத்தது. அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மறுபடி பெருக்கெடுத்தது. இதைத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் படித்த ஒருவர் சொல்லக் கேட்டேன். அந்த மருந்தை அடித்த கைகளில் எங்கள் தாத்தாவின் கையும் இருந்திருக்கும். அவருக்கு யாரும் குளவியைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, கோவாவுக்கு வருகிறேன். நாங்கள் இப்போது செய்வது இது. ஒரு கன்றுக்குச் சராசரி ஒரு புழுவுக்குக் கீழ் என்றால் டாங்கியைத் தொடுவதில்லை. அதற்கு மேல் போனால், அதுவும் குருத்து உருண்டு திரளத் தொடங்கும் நேரத்தில் போனால், பீ.டி. அடிப்போம். அது ஒரு பக்றீரியா மருந்து. புழு தின்றால்தான் சாகும், அதனால் குளவிக்குக் கெடுதல் குறைவு. வெயில் பட்டால் கெட்டுப்போகும், ஆகவே மாலை நாலரைக்குப் பிறகுதான், இலையின் அடிப்பக்கம் நனைய. அடித்த மறுநாள் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்துப் பதறக் கூடாது. தின்பதை நிறுத்தியிருக்கும், சாக இரண்டு மூன்று நாளாகும். இதையும் வாரம் தவறாமல் அடித்தால் இதற்கும் பழகிவிடும். உலகத்தில் பழகிய இடங்கள் இருக்கின்றன. வரட்சியான நாட்களில் பொழுது சாயும்போது தூவல் குழாயைத் திறந்து விடுவோம். அந்துப்பூச்சி கூடுகிற நேரம் அது. சின்னப் புழுவும் கழுவப்பட்டு விழும். நல்ல மழைக்காலத்தில் இந்த வேலையை வானமே செய்கிறது. மழையில் கோவாப் புழு குறைவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம், காரணத்தைத்தான் யோசிக்கவில்லை.

இன்னொன்று. லொறியில் ஏற்றுவதற்கு முன் நாங்கள் வெளி இலை நாலைந்தைக் கழித்துத்தான் ஏற்றுகிறோம். கழித்து மாட்டுக்குப் போடுகிற இலையில் ஓட்டை இருந்தால் என்ன? அந்த இலையைக் காப்பாற்றத்தான் வருடக்கணக்கில் மருந்து வாங்கியிருக்கிறோம். முன்பு மூன்று மாதப் பயிருக்கு 12 ஞாயிறு, 12 தடவை. கடைசிப் போகத்தில் மூன்றே தடவை.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் மருந்தே வேண்டாம்" என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கு எங்கள் 2021ஆம் ஆண்டு உருளைக்கிழங்கைக் காட்ட வேண்டும்.

அந்த வருடம் மே மாதம் இரசாயன உரமும் பூச்சி, பங்கசு (பூஞ்சை) மருந்துகளும் நாட்டுக்குள் வருவது அரசின் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் நின்றது. நவம்பரில் திரும்பவும் அனுமதித்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் கடையில் தட்டு வெறுமையாக இருந்தது. உள்ளூரில் பதுக்கி வைத்தது ஒன்றுக்கு மூன்று விலை. எங்கள் கோவாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொப்பி கையில் இருந்தது, குளவியும் திரும்பியிருந்தது. அயலில் சிலர் வந்து எங்கள் கோவாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, மறைப்பானேன்.

அந்தத் தலைக்கனத்தைக் கிழங்கு இறக்கிவைத்தது. மூன்று நாள் வெயில் முகமே இல்லை. மூட்டம் துண்டுக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. நாலாம் நாள் விடிய இலை நுனிகளில் நனைந்த மாதிரிக் கரும்பச்சைத் திட்டு. இலையைத் திருப்பினேன். திட்டின் ஓரத்தில் மட்டும், மாவு தொட்ட விரலால் வட்டம் போட்டது போல, வெள்ளைப் பூச்சு. வெயில் வந்தால் அது மறைந்துவிடும், விடியற்காலையில்தான் தெளிவாகத் தெரியும். பின்வெளிறல். சிங்களத்தில் அங்கமாரய என்பார்கள். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய். ஒன்பது நாளில் துண்டு முழுக்கக் கறுத்தது. வெந்து அழுகிய கீரை போல ஒரு நாற்றம் அடிக்கும், அதை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பூண்டு, மிளகாய், சாம்பல், மோர் எல்லாம் அடித்தோம். ஒன்றும் நடக்கவில்லை. விதைக்குப் போட்ட கடனை அடைக்க அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

புழுவையும் நோயையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. புழு வந்த பிறகு எண்ணிப் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. பின்வெளிறல் கண்ணுக்குத் தெரியும்போது அது துண்டுக்குள் பரவி முடித்திருக்கும். அதற்குக் காவல் மருந்து முன்னாலேயே இலையில் இருக்க வேண்டும். இலையில் இல்லாத மருந்து போத்தலில் இருந்து பிரயோசனமில்லை. மன்கொசெப் போன்ற காவல் மருந்துகள் நோயின் வித்து முளைக்காமல் தடுக்கும், உள்ளே போன நோயைக் குணமாக்காது. உள்ளே ஊடுருவிக் காக்கும் மெட்டலக்சில் போன்றவற்றுக்குப் பழகிய நோய் வகைகள் உலகம் முழுக்க உண்டு, ஆகவே அதை மட்டும் நம்பி ஒரு போகத்தை ஓட்ட முடியாது. நாங்கள் இப்போது கிழங்குக்கு நாட்காட்டியையும் பார்ப்பதில்லை, கொப்பியையும் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறோம். இரண்டு நாள் மூட்டமும் தூறலும் சேர்ந்து வரப்போகிறது என்றால் அதற்கு முன் ஒரு தடவை. பத்து நாள் நல்ல வெயில் என்றால் ஒன்றுமில்லை.

மருந்தைவிட உதவியது வேறு சில காரியங்கள். வரிசையை அகலமாக்கினோம், காற்று ஓடி இலை சீக்கிரம் காயட்டும் என்று. கோவாவுக்குச் சொன்ன மாலைத் தூவல் கிழங்குப் பக்கம் போகவே கூடாது, இரவில் இலை நனைந்திருந்தால் நோய்க்கு விருந்து. போன போகத்தில் எடுக்காமல் விட்ட கிழங்கு தானாக முளைத்தால் "இதுவும் காய்க்கட்டுமே" என்று விடாமல் பிடுங்குகிறோம், நோய் ஒளிந்திருக்கும் வீடு அது. அழுகிய கிழங்கைக் கான் (வடிகால்) ஓரத்தில் குவிக்காமல் ஆழமாகப் புதைக்கிறோம். தண்டடியில் மண்ணை உயர்த்தி அணைத்தால் இலையிலிருந்து மழையோடு இறங்கும் வித்து கிழங்கைத் தொடுவது குறையும். செடி கருகிவிட்டால் உடனே கிண்டக் கூடாது. செத்த தழையை வெட்டி அப்புறப்படுத்தி, இரண்டு கிழமை விட்டுக் கிண்டினால் கிழங்கு தப்பும். 2021இல் அவசரத்தில் உடனே கிண்டினோம், மூட்டையில் அடுக்கிய பிறகு அழுகியது.

கிழங்குச் செடி வாடினால் எல்லாம் பின்வெளிறல் இல்லை. பச்சையாக இருக்கும்போதே நட்டநடுவில் ஒரு செடி தொங்கிப்போனால் ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். தண்டை அடியில் வெட்டி, வெட்டு முனை தண்ணீரில் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டிலிருந்து பால்நூல் ஒன்று நெளிந்து இறங்கினால் அது பக்றீரியா வாடல். முதல் தடவை பார்த்தபோது ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பது போல இருந்தது. அதற்கு எந்த டாங்கியும் உதவாது. செடியை மண்ணோடு தோண்டி எடுத்து அப்புறப்படுத்தி, அந்த இடத்துத் தண்ணீர் கீழ்ப் பாத்திக்கு ஓடாமல் கானைத் திருப்பி, அடுத்த போகங்களில் கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்காமல் இருப்பதுதான் வழி. இதைத் தெரியாமல் வாடலுக்கு மருந்து வாங்கிக் காசைக் கரைத்தவர்கள் எங்கள் லயத்திலேயே நாலு பேர்.

கோவாவிலும் இப்படி ஒன்று இருக்கிறது. மத்தியான வெயிலில் வாடும், பின்னேரம் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைப்போம். பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டு முண்டாக வீங்கியிருக்கும். எங்கள் மேல் பாத்திக்கு அது வந்தது நான் காசு கொடுத்து வாங்கிய கன்றோடு. கன்று நல்ல வாட்டசாட்டமாகத்தான் இருந்தது. வேரை அலசிப் பார்க்காமல் வாங்கியது என் பிழை. இந்த வேர் வீக்க நோயின் வித்து மண்ணுக்குள் 15, 20 வருடம்கூடக் கிடக்கும். புளித்த மண் அதற்குப் பிடிக்கும், நம் மலை மண்ணோ இயல்பிலேயே புளிப்பு. மிஸ் மண்ணைப் பரிசோதிக்க அனுப்பி, அந்த அளவுக்குப் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் போடச் சொன்னார். போட்டோம், போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பாத்தியில் இப்போது கோவா, நோக்கோல், முள்ளங்கி எதுவும் இல்லை. லீக்ஸ், கெரட், போஞ்சி மாறி மாறி வருகின்றன. அங்கே வேலை செய்த மண்வெட்டியையும் சப்பாத்தையும் கழுவாமல் கீழே இறங்கினால் அம்மா சத்தம் போடுவாள். எங்கள் வீட்டுத் தடுப்புக்காவல் அதிகாரி அவள்தான். கன்றை இப்போது நாங்களே போடுகிறோம்.

வீட்டுக் கைமருந்து பற்றி ஒரு வார்த்தை. கைபேசியில் வருகிற குறிப்புகளில் பாதி, வேப்பெண்ணெய் எடு என்று தொடங்கும். எங்கள் குளிருக்கு வேம்பு வளராது. வேப்பெண்ணெய் எங்களுக்கு யாழ்ப்பாணத்துப் பஸ்சில் வந்து இறங்கும் விலையுள்ள சாமான். சவர்க்காரமும் மிளகாயும் கரைத்து அடி என்று ஒருவர் சொன்னார். "கூடப் போட்டால் கூடக் கேட்கும்" என்ற நம் பழைய புத்தியில் சவர்க்காரத்தை இரட்டிப்பாகப் போட்டு, மத்தியான வெயிலில் அடித்தேன். போஞ்சி இலை ஓரமெல்லாம் வெந்துபோனது. இயற்கை என்று பெயர் வைத்தாலும் அளவும் நேரமும் உண்டு. இரவில் டோர்ச்சோடு போய், நாற்றை அடியோடு அறுக்கும் வெட்டுப்புழுவை மண்ணைக் கிளறிப் பொறுக்குவதும், நத்தையைப் பொறுக்குவதும், கிழங்கு இலையில் கோடு கோடாகச் சுரங்கம் போடும் ஈக்கு மஞ்சள் பொலித்தீனில் கிரீஸ் தடவிக் கட்டுவதும் இதைவிட உருப்படியான வேலை. மஞ்சள் தட்டி ஈயை ஒழித்துவிடாது, ஆனால் ஈ வந்துவிட்டதா என்பதை முதலில் சொல்லிவிடும்.

மருந்தை முழுதும் விடாதவள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். முன்பு போத்தல் கட்டிலுக்கடியில் இருந்தது. லயத்தில் எல்லா வீட்டிலும் அங்கேதான். கோபத்தில் ஒரு நிமிடம் கை நீட்டினால் எட்டும் தூரத்தில். எத்தனை வீட்டில் என்ன நடந்தது என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2008க்கும் 2011க்கும் இடையில் பரக்குவாட் உட்பட மூன்று கொடிய மருந்துகளை நாட்டில் படிப்படியாக நிறுத்தினார்கள், அதனால் பிழைத்த உயிர்கள் உண்டு. எங்கள் போத்தல் இப்போது வெளியில், பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில். சாவி அம்மாவிடம். தீர்ந்த போத்தலை மூன்று தடவை கழுவி அந்தத் தண்ணீரை டாங்கியிலேயே ஊற்றி, அடியில் துளை போட்டுவிடுகிறோம். துளை போடாவிட்டால் யாராவது அதில் மண்ணெண்ணெய் வாங்குவார்கள், பிறகு தேங்காயெண்ணெயும் வாங்குவார்கள்.

போன வருடம் தங்கையைப் பார்க்கக் கம்பளைக்குப் போனேன். வீட்டில் இரண்டு பிள்ளைக்கும் டெங்கு வந்து தேறியிருந்த நேரம். 2017இல் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தபோதுகூட எங்கள் குளிர் மலையில் அதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. கீழே சூடான கம்பளையில் கதை வேறு. "கிழமைக்கு ரெண்டு தடவை புகை அடிக்கிறாங்கக்கா, அப்படியும் கொசு" என்றாள் தங்கை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் ஞாயிற்றுக்கிழமையே தான். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கும் குடம்பிக்கு ஒன்றும் ஆகாது. வீட்டைச் சுற்றி ஒரு கொப்பியோடு நடந்தோம். கூரைப் பீலித் தகரத்தில் இலை அடைத்துத் தண்ணீர், குளிர்சாதனப்பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, பூச்சட்டிச் சாசர், மூடியில்லாத ஒரு பீப்பாய். பீப்பாய்க்குள் குடம்பிகள் நெளிந்தன. முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும், ஆகவே கிழமைக்கு ஒருதரம் ஊற்றிவிட்டால் ஒன்றும் பறக்காது. ஊற்றினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தங்கை அதை ஞாயிற்றுக்கிழமை வேலையாக வைத்துக்கொண்டாள். அந்த ஞாயிறு எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவுக்கு இப்போது 68. ஞாயிறு காலையில் தேநீர் குடித்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து டாங்கியைத் துடைத்து வைப்பார். பெரும்பாலும் துடைப்பதோடு சரி. பிறகு நாங்கள் இருவரும் துண்டுக்குள் இறங்குவோம். நான் எண்ணுவேன், அவர் கொப்பியில் எழுதுவார். 31 வருடம் பிரட்டில், அதாவது காலை வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், பேர் போட்ட கை, கணக்கில் பிழை விடாது. ஆனால் சின்னப் புழு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் "ரெண்டு" என்றால் "எங்க காட்டு" என்று நம்பாமல் கேட்பார். நுவரெலியாவில் புத்தகக் கடையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கியதாகத்தான் சொன்னேன், இல்லாவிட்டால் வீண் செலவு என்பார்.

இந்தக் கிழமைக் கணக்கு: 20 கன்று, 9 புழு, 6 கூடு, அதில் 3 குளவிக்கூடு. கீழே அப்பாவின் எழுத்தில், வேண்டாம்.

பக்கத்துத் துண்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் டாங்கியோடு நின்று, "என்ன மாமா, பூதக்கண்ணாடியில என்ன தேடுறீங்க, வைரமா?" என்று கேட்டார்.

"ஆமா, முதுகுல இருக்கு" என்றார் அப்பா, நிமிராமல்.